அரிசிதானே, தைரியமா குடுக்கலாம்ல? - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல க்ளூட்டன் (கோதுமை மாதிரி சில தானியத்துல இருக்கற ஒரு புரதம்) இல்லாத ஸ்வீட் பத்தின ஒரு பதில்ல கிரிஸ்பி ரைஸ் ட்ரீட்டை லேசா தொட்டுட்டுப் போனேன், அதைப் பிடிச்சுக்கிட்டு நிறைய பேர் எழுதியிருக்கீங்க. தெரியாதவங்களுக்காக ஒரு வரி: மார்ஷ்மெல்லோவை பட்டர்ல உருக்கி, அதுல மொறுமொறு அரிசி சீரியலைக் கொட்டிக் கலந்து, ட்ரேல பரப்பி, ஆறினதும் துண்டு போடுறது, அவ்ளோதான். ஓவன் வேண்டாம், மாவு வேண்டாம், அதனாலதான் க்ளூட்டன் கூடாதவங்க வீட்டுல முதல்ல இது ஞாபகம் வருது. ஆனா இதுல ஒரு பெரிய சிக்கல் ஒளிஞ்சிருக்கு, அதனால இந்த தடவை முழுக்க இதுவே.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு 6 வயசு. செலியாக்னு, அதாவது க்ளூட்டன் ஆகாத நோய்னு டாக்டர் இப்பதான் சொன்னாங்க. கோதுமை, மைதா, பிஸ்கட், பிரெட் எல்லாத்தையும் நிறுத்தியாச்சு, அவன் முகத்தைப் பார்க்கவே முடியல. இந்த ட்ரீட்டாவது செஞ்சு குடுக்கலாம்னு அரிசி சீரியல் ஒரு டப்பா வாங்கி வெச்சிருக்கேன். அரிசிதானே, தைரியமா குடுக்கலாம்ல?

டப்பாவைப் பிரிக்காதீங்கம்மா, முதல்ல பின்னாடி திருப்பி என்னென்ன போட்டிருக்காங்கன்னு படிங்க. அரிசில க்ளூட்டன் கிடையாது, அது சரி. ஆனா டப்பாக்குள்ள இருக்கறது வெறும் அரிசி இல்ல. அரிசியை சர்க்கரை, உப்பு சேர்த்து வேக வெச்சு, காய வெச்சு, சூட்டுல பொரிய வைப்பாங்க, அதுல ருசிக்கும் அந்த பொன்னிறத்துக்கும் மால்ட் சேர்க்கறது ரொம்ப சகஜம். மால்ட்ங்கறது பெரும்பாலும் முளை கட்டி உலர்த்தின பார்லி, பார்லில க்ளூட்டன் இருக்கு. கோதுமை, பார்லி, ரை இந்த மூணும்தான் உங்க பையனுக்கு ஆகாதது, அதுல ஒண்ணு அரிசி சீரியல்ங்கற பேருக்குப் பின்னாடி உக்காந்திருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்ச கெல்லாக்ஸ் ரைஸ் கிரிஸ்பிஸ்லயே மால்ட் இருக்கு. 2011ல அந்தக் கம்பெனி மால்ட் இல்லாம, பழுப்பு அரிசில, க்ளூட்டன் இல்லாதது ஒண்ணு அமெரிக்காவுல கொண்டு வந்தாங்க, சில வருஷத்துல நிறுத்திட்டாங்க. பழைய ரெசிபி எதுலயாவது அதைப் படிச்சுட்டு, அதுதான் இதுன்னு நினைச்சு சாதா டப்பாவை எடுத்துடறவங்க இருக்காங்க, அதுக்காகத்தான் சொல்றேன்.

லேபிள்ல பார்க்க வேண்டிய வார்த்தைகள்: பார்லி மால்ட், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், மால்ட் சிரப், மால்ட் ஃப்ளேவரிங். இதுல எது இருந்தாலும் வெச்சுடுங்க. இன்னொண்ணு, கீழ தனியா கட்டம் கட்டி அலர்ஜி பத்தி போட்டிருப்பாங்கல்ல, அதை மட்டும் பார்த்துட்டு கோதுமை இல்லைன்னு முடிவு பண்ணாதீங்க. அமெரிக்க சட்டப்படி அந்த எடத்துல கோதுமையைச் சொல்லியாகணும், பார்லியைச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ஐரோப்பாவுலயும் பிரிட்டன்லயும் பார்லியையும் தடிமனான எழுத்துலயோ வேற விதத்துலயோ தனிச்சுக் காட்டியாகணும். எந்த நாட்டு டப்பா உங்க கைல இருக்குன்னு தெரியாதப்போ முழு பட்டியலையும் படிக்கறதுதான் வழி.

மால்ட் இல்லைன்னாலும் டப்பா மேல க்ளூட்டன் ஃப்ரீன்னு போட்டிருக்கறதையே வாங்குங்க, ஏன்னா ஒரே மெஷின்ல கோதுமை சீரியலும் ஓடியிருக்கலாம். அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா எல்லா எடத்துலயும் அந்த வார்த்தையைப் போடணும்னா 20 பிபிஎம்முக்குள்ள இருக்கணும், அதாவது ஒரு கிலோவுல 20 மில்லிகிராம். அப்படிப்பட்ட அரிசி சீரியல் கண்டிப்பா கிடைக்குது, வெள்ளை அரிசிலயும் இருக்கு பழுப்பு அரிசிலயும் இருக்கு. ஒரு தடவை பார்த்து வாங்கிட்டோம்னு அடுத்த தடவை பார்க்காம எடுக்காதீங்க, கம்பெனிக்காரங்க சொல்லாமலே ரெசிபியை மாத்துவாங்க. கார்ன்ஃப்ளேக்ஸுக்கும் இதே கதைதான், சோளம்தானேன்னு நினைப்போம், அதுலயும் மால்ட் இருக்கும்.

உங்க பையன் இழந்தது பெருசுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இந்த ட்ரீட் மட்டும் சரியான சீரியல்ல செஞ்சீங்கன்னா மத்த பசங்க சாப்பிடறதுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது. அதனாலதான் எனக்கு இது மேல இவ்ளோ பிரியம், இது ஏதோ பதிலுக்கு குடுக்கற பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்காது.

கேள்வி: என் பேத்திக்கும் செலியாக்தான். டப்பால மால்ட் கடைசில போட்டிருக்கு, ரொம்ப கொஞ்சமாதான் இருக்கும் போல. அதையும் அடுப்புல உருக்கின மார்ஷ்மெல்லோவுல போட்டு சூடு பண்றோமே, அதுல போயிடாதா?

போகாதுங்கய்யா. க்ளூட்டன் ஒரு புரதம், கிருமி இல்ல. சமையல் சூட்டுல அது அழியறதில்ல, அழிஞ்சுடும்னா சுட்ட ரொட்டியே செலியாக் உள்ளவங்களுக்கு ஆகணுமே. கொஞ்சம்தானேங்கறதும் இதுல செல்லாது. சிறுகுடல் உள்பக்கத்துல சின்னச் சின்ன விரல் மாதிரி மடிப்புகள் இருக்கும், சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சறது அதுங்கதான், க்ளூட்டன் உள்ள போனா உடம்போட எதிர்ப்பு சக்தியே அந்த மடிப்புகளைத் தாக்கித் தட்டையாக்கிடுது. வயித்து வலியே வராம உள்ளுக்குள்ள இது நடக்கும், அதனால பேத்தி நல்லா விளையாடிட்டு இருக்காளேன்னு வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. இதுக்கு மாத்திரை கிடையாது, வாழ்நாள் முழுக்க க்ளூட்டனை விலக்கறது ஒண்ணுதான் வைத்தியம். அந்த டப்பாவை வேற யாருக்காவது குடுத்துடுங்க.

கேள்வி: அளவு சொல்லுங்க ப்ளீஸ். நான் செஞ்சா முதல் நாளே பல்லு உடையற மாதிரி கெட்டியாயிடுது. க்ளூட்டன் ஃப்ரீ சீரியல் போடறதாலயா?

சீரியல் மேல பழி போடாதீங்க, கெட்டியாகறதுக்கு காரணம் அடுப்புச் சூடுதான், அப்புறம் கை.

அளவு முதல்ல. பட்டர் 3 டேபிள்ஸ்பூன், அதாவது சுமாரா 45 கிராம். மார்ஷ்மெல்லோ 280 கிராம். சீரியல் 6 கப், சுமாரா 160லேர்ந்து 170 கிராம். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு டீஸ்பூன் வெனிலா. இதுல சீரியலை மட்டும் கப்புல அளக்காம தராசுல நிறுத்துப் போடுங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன், ஏன்னா க்ளூட்டன் ஃப்ரீ பிராண்டுகள் ஒண்ணுக்கொண்ணு சைஸ்ல வித்தியாசப்படும், பழுப்பு அரிசி சீரியல் சிலது சின்னதா கனமா இருக்கும், 6 கப் போட்டா எடை எகிறிடும், அப்புறம் மார்ஷ்மெல்லோ பத்தாம உதிரும், இல்லாட்டி வறண்டு போயிடும்.

இப்ப சூடு. மார்ஷ்மெல்லோங்கறது சர்க்கரைப் பாகும் ஜெலட்டினும் சேர்த்து காத்தடிச்ச நுரை. ஜெலட்டின் உடம்புச் சூட்டுலயே இளகிடும், அதுக்கு பெரிய தீ தேவையே இல்ல. நீங்க தீயைக் கூட்டி வெச்சு கொதிக்க விட்டா அதுல இருக்கற தண்ணி ஆவியாப் போய் பாகு பதம் ஏறிடும், பதம் ஏறின பாகு ஆறினா மிட்டாயாத்தானே ஆகும், அதுதான் உங்க பல்லை உடைக்குது. அடி கனமான பாத்திரத்துல, இருக்கறதுலயே சின்ன தீயில பட்டரை உருக்குங்க, மார்ஷ்மெல்லோவைப் போட்டு கிளறிட்டே இருங்க, அங்கங்க ஒண்ணு ரெண்டு கட்டி இன்னும் கரையாம இருக்கும்போதே அடுப்பை அணைச்சுடுங்க. மிச்சம் அந்தச் சூட்டுலயே கரைஞ்சுடும். உப்பும் வெனிலாவும் போட்டு, உடனே சீரியலைக் கொட்டி, கீழேர்ந்து மேல புரட்டிப் புரட்டி கலங்க, போட்டு அரைக்காதீங்க.

கை விஷயம் என்னன்னா, ட்ரேல போட்டு அமுக்கி அமுக்கி சமன் பண்றது. அப்படி அமுக்கினா நடுவுல இருக்கற காத்தெல்லாம் போய் செங்கல்லாயிடும். ட்ரேல பட்டர் பேப்பர் போட்டு, கலவையைக் கொட்டி, கைல லேசா பட்டர் தடவிட்டு மெதுவா தட்டி பரப்பினா போதும். 13க்கு 9 இன்ச் ட்ரேன்னா மெல்லிசா வரும், 9 இன்ச் சதுர ட்ரேன்னா தடியா வரும், எனக்கு தடிதான் பிடிக்கும். அரை மணி நேரமாவது வெளிய வெச்சு ஆற விடுங்க, ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க. கத்திலயும் கொஞ்சம் பட்டர் தடவிட்டு வெட்டுங்க.

இன்னும் மெத்துன்னு வேணும்னா குட்டி மார்ஷ்மெல்லோ ரெண்டு கைப்பிடி கூடுதலா எடுத்து வெச்சுக்கிட்டு, அடுப்பை அணைச்சு சீரியல் போட்டப்புறம் கடைசியா அதைச் சேர்த்து ஒரு புரட்டு புரட்டுங்க, கடிக்கறப்ப அங்கங்க இழுத்துட்டு வரும். பட்டரை மட்டும் முதல்ல வாசம் வந்து பழுப்பாகற வரைக்கும் விட்டீங்கன்னா ருசியே வேற லெவல், ஆனா கருகறதுக்கு முன்னாடி நிறுத்தத் தெரியணும். பழைய மார்ஷ்மெல்லோ காய்ஞ்சு போய் சரியா உருகாது, புது பாக்கெட்டா பாருங்க.

கேள்வி: மைக்ரோவேவ்ல பண்ணலாமா?

தாராளமா. பெரிய கிண்ணமா எடுங்க, மார்ஷ்மெல்லோ உப்பி வழியும். 30 செகண்டுக்கு ஒரு தடவை வெளிய எடுத்து கிளறுங்க.

கேள்வி: நாங்க சுத்த சைவம். மார்ஷ்மெல்லோவுல ஜெலட்டின் இருக்குன்னு இப்பதான் தெரிஞ்சுது. வேற வழி இருக்கா?

இருக்குங்க. ஜெலட்டின் மாட்டுலேர்ந்தோ பன்னிலேர்ந்தோ மீன்லேர்ந்தோ எடுக்கறது, அதனால சைவக்காரங்க அதைத் தவிர்க்கறது நியாயம்தான். ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோ கிடைக்குது, கடல்பாசிலேர்ந்து எடுக்கற கராஜீனன் மாதிரி ஏதாவது போட்டிருப்பாங்க. அது ஜெலட்டின் அளவுக்கு சீக்கிரம் உருகாது, முதல் தடவை செய்யறவங்க உருகலையேன்னு தீயைக் கூட்டிடுவாங்க, கூட்டாதீங்க, ஒரு ஸ்பூன் தண்ணி தெளிச்சு பொறுமையா கிளறுங்க. அகர் அகர் போட்டதுன்னா இன்னும் அதிகச் சூடு கேட்கும், இழுவையும் வராது, இந்த ட்ரீட்டுக்கு அது எனக்கு ஒத்துவரல.

மார்ஷ்மெல்லோவே வேண்டாம்னா தேனும் கடலை வெண்ணெயும். அரை கப் தேன், கால் கப் சர்க்கரை சேர்த்து சின்ன தீயில வெச்சு, ஓரத்துல குமிழ் கிளம்பினதும் அணைச்சு, அரை கப் பீனட் பட்டர் கலந்து, 3 கப் சீரியல்ல ஊத்திக் கிளறுங்க. இது இழுபடாது, மெல்ல மெல்ல மென்னு சாப்பிடற மாதிரி இருக்கும், ருசில இது வேற ஜாதி. ஒரு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு தேன் எந்த ரூபத்துலயும் கூடாது, பாட்டுலிசம்னு ஒரு விஷத்தன்மை வர வாய்ப்பிருக்கு. தேனுக்குப் பதிலா பழுப்பு அரிசி சிரப் போடலாம்னு சில ரெசிபில இருக்கும். அதை வாங்கறதா இருந்தா அதுலயும் க்ளூட்டன் ஃப்ரீன்னு போட்டிருக்கான்னு பாருங்க, சில சிரப்பை தயாரிக்கறப்ப அரிசி மாவுச்சத்தை உடைக்க பார்லி என்சைம் பயன்படுத்துவாங்க. அரிசின்னு பேர் இருக்கற எடத்துல எல்லாம் பார்லி வந்து நிக்குது பாருங்க, எரிச்சலாத்தான் இருக்கு.

கேள்வி: சாதா பொரில செய்யலாமா? அதுல மால்ட் இல்லையே.

செய்யலாம், ஆனா சீரியலோட அந்த கடக் முடக் வராது. பொரி லேசா, உள்ள காத்தா இருக்கும், பாகு ஈரம் பட்டதும் சீக்கிரம் நமுத்துடும். 150 டிகிரி ஓவன்ல ஒரு 5லேர்ந்து 8 நிமிஷம் காய வெச்சு, நல்லா ஆறினப்புறம் கலந்தா பரவாயில்லாம இருக்கும். உப்பு கொஞ்சம் கூட போடுங்க. லூஸ்ல அளந்து குடுக்கற பொரி மட்டும் செலியாக் உள்ளவங்களுக்கு வேண்டாம், பக்கத்து மூட்டைல என்ன இருந்துது, எந்தக் கரண்டில அள்ளினாங்கன்னு யாருக்குத் தெரியும்.

கேள்வி: எங்க வீட்டுல எனக்கு மட்டும்தான் க்ளூட்டன் ஆகாது, மத்த எல்லாரும் எல்லாம் சாப்பிடறாங்க. ஒரே அடுப்படி. சீரியல், மார்ஷ்மெல்லோ எல்லாம் பார்த்துப் பார்த்துதான் வாங்கறேன். வேற எங்க தப்பு நடக்க வாய்ப்பிருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டதுக்கு உங்களுக்கு நன்றி, ஏன்னா பொருள் எல்லாம் சரியா வாங்கிட்டு கடைசில பட்டர் டப்பால தோத்துப் போறவங்கதான் அதிகம். பிரெட்ல தடவின கத்தியை திரும்ப பட்டர்ல விட்டிருப்பாங்க, துகள் எல்லாம் அதுலயே இருக்கும், அதை எடுத்து நீங்க ட்ரீட்டுக்கு உருக்குவீங்க. புது பட்டர் பிரிங்க, இல்லாட்டி உங்களுக்குன்னு தனியா பேர் ஒட்டி வெச்சுக்கங்க. பீனட் பட்டர், ஜாம், சர்க்கரை டப்பா எல்லாத்துக்கும் இதே கண்ணோட்டம்தான்.

மரக்கரண்டி, கீறல் விழுந்த நான்ஸ்டிக் பாத்திரம், துளை துளையா இருக்கற சல்லடை, இதெல்லாம் எவ்ளோ தேய்ச்சாலும் இடுக்குல மாவு தங்கும், இதுக்கு மட்டும் தனியா ஒரு சிலிகான் ஸ்பேட்டுலாவும் ஸ்டீல் பாத்திரமும் வெச்சுக்கறது நல்லது. மேடையை சோப்புத் தண்ணி போட்டு துடைங்க, சானிடைசர் தெளிச்சா கிருமி சாகும், க்ளூட்டன் அங்கயே இருக்கும். யாராவது கோதுமை மாவு சலிச்சோ பிசைஞ்சோ முடிச்ச கையோட நீங்க ஆரம்பிக்காதீங்க, அந்த மாவு காத்துல மிதந்து எல்லாத்து மேலயும் படியும். முடிஞ்சா அன்னிக்கு அடுப்படில முதல் வேலையா உங்களோடதை முடிச்சு மூடி வெச்சுடுங்க.

ட்ரேல ஒட்டாம இருக்க ஸ்ப்ரே அடிக்கறவங்க அதையும் பாருங்க. பேக்கிங் ஸ்ப்ரேன்னு விக்கறதுல சிலதுல எண்ணெயோட கோதுமை மாவே கலந்திருக்கும். மார்ஷ்மெல்லோல பெரும்பாலும் சோள மாவுதான் மேல தூவியிருப்பாங்க, ஆனாலும் லேபிள் படிங்க. மேல அலங்காரத்துக்கு போடற கலர் மணி, சாக்லேட், நொறுக்கின பிஸ்கட், மால்ட் கலந்த பால் பவுடர் இதுலதான் கடைசி நிமிஷத்துல கோட்டை விடுவோம். வெறும் கோகோ பவுடர்னா கவலை இல்ல, சாக்லேட்னா உள்ள வேஃபரோ மால்ட்டோ இருக்கான்னு பார்க்கணும். சாக்லேட் சிப்ஸ் போடறதா இருந்தா கலவை கொஞ்சம் ஆறினப்புறம் போடுங்க, இல்லாட்டி எல்லாம் உருகி ஒரே சேறா ஆயிடும்.

கேள்வி: எனக்கு ரொட்டி சாப்பிட்டா வயிறு உப்புசமா இருக்கு. டெஸ்ட் எல்லாம் எதுக்குன்னு நானே க்ளூட்டனை நிறுத்திட்டு இந்த மாதிரி ட்ரீட்டுக்கு மாறிடலாம்னு இருக்கேன். சரிதானே?

நிறுத்தறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க, தயவுசெஞ்சு. செலியாக் இருக்கான்னு பார்க்கற ரத்தப் பரிசோதனை, க்ளூட்டன் சாப்பிட்டுட்டு இருக்கும்போது எடுத்தாத்தான் சரியாக் காட்டும். நீங்களா நிறுத்திட்டு ரொம்ப நாள் கழிச்சுப் போனா இருக்கற நோய் இல்லைன்னு வரலாம். உப்புசத்துக்கு வேற ஆயிரம் காரணம் உண்டு. இன்னொண்ணு, க்ளூட்டன் இல்லைங்கறதால இந்த ட்ரீட் உடம்புக்கு நல்லதுன்னு ஆயிடாது, இதுல சர்க்கரை நிறைய இருக்கு, ஆசைக்கு ஒரு துண்டு சாப்பிடற பண்டம்.

கேள்வி: இதை யார் முதல்ல கண்டுபிடிச்சாங்க?

சீரியல் கடைக்கு வந்தது 1928ல. ட்ரீட் வந்தது 1939ல, அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக் ஊர்ல, கெல்லாக்ஸ் கம்பெனியோட சமையல் பிரிவுல வேலை பார்த்த மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன்னு ரெண்டு பெண்கள். கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ்ங்கற பெண் குழந்தைகள் அமைப்பு நிதி திரட்டறதுக்காக விக்கறதுக்கு இதைச் செஞ்சு குடுத்தாங்க, அப்புறம் ரெசிபி டப்பா மேலயே ஏறிடுச்சு. அதுக்கு முன்னாடியே பொரிச்ச கோதுமை, பொரிச்ச அரிசியை வெல்லப்பாகு மாதிரி ஒண்ணுல பிடிச்சு துண்டு போடற வழக்கம் இருந்துது, அங்க மார்ஷ்மெல்லோ வந்து உக்காந்ததுதான் புதுசு. வீட்டுல செய்யறவங்களுக்காக யோசிச்சு யோசிச்சு அளவு பிடிச்ச அந்த ரெண்டு பேர் பேரையும் எழுதறதுல எனக்கு சந்தோஷம்.

கேள்வி: பொண்ணோட ஸ்கூல்ல பிறந்தநாள்னா கேக் வெட்டுவாங்க, அவளால சாப்பிட முடியாது, ஓரமா நிப்பா. இதை செஞ்சு குடுத்து விடலாம்னு இருக்கேன். எத்தனை நாள் தாங்கும்?

காத்துப் புகாத டப்பாவுல வெளியவே வெச்சா 2, 3 நாள் நல்லா இருக்கும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், விறைச்சுடும். ஆனா ஃப்ரீசர்ல வைக்கலாம், துண்டுகளுக்கு நடுவுல பட்டர் பேப்பர் போட்டு அடுக்கி மூடினா 6 வாரம் வரைக்கும் தாங்கும், வெளிய எடுத்து 15, 20 நிமிஷம் விட்டா பழையபடி ஆயிடும். அதனால ஒரு ட்ரே செஞ்சு துண்டு துண்டா சுத்தி ஃப்ரீசர்ல போட்டு வெச்சுடுங்க, திடீர்னு நாளைக்கு யாருக்கோ பர்த்டேன்னு பொண்ணு வந்து சொன்னாலும் ராத்திரில அடுப்படில நிக்க வேண்டாம். டீச்சர்கிட்ட முன்கூட்டியே பேசி, யாருக்காவது கடலை அலர்ஜி இருக்கான்னு கேட்டுட்டு, இருந்தா பீனட் பட்டர் போட்டதை அனுப்பாதீங்க. வகுப்பு முழுசுக்கும் சேர்த்து செஞ்சு அனுப்ப முடிஞ்சா அனுப்புங்க, எல்லாரும் ஒண்ணையே சாப்பிடட்டும். ஆனா பொண்ணோட துண்டை மட்டும் தனி டப்பால, பேர் எழுதி, மூடி போட்டு குடுங்க, ஏன்னா கேக் வெட்டின கத்தியும் கேக் தொட்ட கையும் அந்தப் பெரிய டப்பாக்குள்ள போகத்தான் போகுது.